மூத்திர வழியில் வரும் மெலனோமா: சந்தேகத்திலிருந்து சிகிச்சை வரை

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு அக்கா இருக்கிறார். வயது அறுபத்து நாலு. மாதவிலக்கு நின்று பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் உள்பாவாடையில் ரத்தத் துளி. உடம்புச் சூடு என்று சொல்லி ஒரு மாதம் இளநீரும் வெந்தயமுமாகப் போனது. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டியிருக்கிறார். மூத்திரத் துவாரத்தின் ஓரத்தில் பட்டாணி அளவு சதை. "ஒண்ணும் இல்லம்மா, சின்ன வளர்ச்சிதான்" என்று சுட்டு எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் மாதம் அதே இடத்தில் மறுபடி வந்தது, இந்த முறை கறுப்பாக.

அப்போதுதான் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "தம்பி, நீ சதை பாக்குற லேப்ல தானே இருந்தே?" நான் கேட்டது ஒரே கேள்வி: "முதல்ல எடுத்தாங்களே, அந்தச் சதையோட ரிப்போர்ட் எங்கக்கா?"

"ரிப்போர்ட்டா? அதைத் தூக்கிப் போட்டுட்டாங்கப்பா."

முப்பது வருஷத்துக்கு மேல் கடலூரிலும் புதுச்சேரியிலும் திசுப் பரிசோதனைக் கூடங்களில் டெக்னீஷியனாக இருந்தவன் நான். டாக்டர் இல்லை. மருந்தின் அளவு சொல்ல எனக்குத் தகுதி கிடையாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்த நோயில் எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும், எந்தக் காகிதத்தைப் பத்திரப்படுத்த வேண்டும், எங்கே சுணங்கினால் வம்பு என்பது எனக்குத் தெரியும். அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், இது என்ன நோய்

நம் தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பேர். அவற்றில் வரும் புற்றுநோய்தான் மெலனோமா. வெயிலில் சுட்டுப் பழுக்கும் வெள்ளைக்காரத் தோலுக்கு வரும் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இந்த செல்கள் வாய்க்குள், மூக்குக்குள், ஆசனவாயில், பெண்ணுறுப்பில், மூத்திரக் குழாயின் உள்பூச்சிலும் கொஞ்சம் இருக்கின்றன. அங்கே வெயில் படுவதில்லை. அதனால் கறுத்த தோல் இந்த வகைக்குப் பாதுகாப்பு ஆகாது. வெள்ளையர் நாடுகளில் மொத்த மெலனோமாவில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இப்படி உள்பூச்சில் வருவது. சீனாவில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல்.

அதிலும் மூத்திர வழியில் வருவது மிக மிகக் குறைவு, எல்லா மெலனோமாவையும் சேர்த்தால் நூற்றில் ஒன்றுகூட இல்லை. மூத்திரக் குழாயில், குறிப்பாக வெளித் துவாரத்துக்கு அருகில்தான் அதிகம் பார்க்கிறோம். பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல். ஆண்களுக்கும் வரும், ஆணுறுப்பின் நுனியை ஒட்டிய குழாய்ப் பகுதியில். மூத்திரப் பையில் தானாகத் தொடங்குவது இதைவிட அபூர்வம். அங்கே ஒரு மெலனோமா தெரிந்தால் வேறு எங்கிருந்தோ வந்து ஒட்டியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த வேறுபாடு பின்னால் ஒரு முழுப் படியாகவே வரும்.

முதல் படி: எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்

ரத்தம். வலியே இல்லாமல் மூத்திரத்தில் ரத்தம், அல்லது துடைக்கும்போது துணியில் ரத்தம். மூத்திரத் தாரை இரண்டாகப் பிரிவது, மெலிவது, முக்கிப் போக வேண்டியிருப்பது. குளிக்கும்போது விரலில் தட்டுப்படும் முடிச்சு. அரைக்கட்டில், அதாவது தொடை மடிப்பில், ஒரு நெறி. நெறி கட்டினால் காலில் புண்ணோ என்று காலைப் பார்க்கிறோம். மூத்திரத் துவாரத்தையும் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

நம் ஊரில் நடக்கும் குழப்பம் இதுதான்: மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ரத்தம் பட்டால் எல்லோரும் கர்ப்பப்பையைத்தான் நினைக்கிறார்கள். ஸ்கேன் எடுத்து, கர்ப்பப்பை சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ரத்தம் எந்தத் துவாரத்திலிருந்து வருகிறது என்று யாரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். பெண்களும் வெட்கப்பட்டுச் சொல்வதில்லை. "அந்த இடத்துல" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். டாக்டரிடம் போகும்போது, "ஒண்ணுக்குப் போற ஓட்டையில இருந்துதான் வருது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் சில மாதங்களை மிச்சப்படுத்தும்.

இன்னொரு குழப்பம், காரங்கிள் என்ற சாதாரண வளர்ச்சி. வயதான பெண்களுக்குத் துவாரத்தின் கீழ் உதட்டில் சிவப்பாக, மெத்தென்று, சிறு செர்ரிப் பழம் போல வரும். இது புற்றுநோய் இல்லை, சகஜமானது. ஈஸ்ட்ரோஜன் கிரீம் சில வாரம் தடவினால் பலருக்கும் சுருங்கிவிடும். மெலனோமா இதன் வேஷத்தைக் கட்டிக்கொண்டு வருவதில் கெட்டிக்காரன். காரங்கிள் என்று சொன்னவர்கள் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கிரீமுக்கு அடங்கவில்லை, கல் போலக் கெட்டி, கறுப்போ நீலமோ பழுப்போ கலந்த நிறம், வளர்ந்துகொண்டே போகிறது, தொட்டால் ரத்தம், எடுத்த பிறகும் திரும்ப வந்தது - இதில் ஒன்று இருந்தாலும் அதிலிருந்து ஒரு துணுக்கு சோதனைக்குப் போயே ஆக வேண்டும். கறுப்பாக இல்லையே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. ஏறத்தாழ ஐந்தில் ஒன்று நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக வரும். அக்காவுக்கு முதலில் வந்ததும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மூத்திரம் கருநிறமாகப் போவது இந்த நோயில் அபூர்வமாக நடக்கும். டிபி மாத்திரை சாப்பிட்டாலும் மூத்திரம் செம்மஞ்சளாகும், பீட்ரூட் சாப்பிட்டாலும் சிவக்கும். நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு பதற வேண்டாம்.

இரண்டாம் படி: யாரிடம் போவது, என்ன செய்வார்கள்

கடலூர்க்காரர்களுக்கு முதல் கதவு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அரசு தலைமை மருத்துவமனை. தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆனால் இந்த நோய் என்று சந்தேகம் வந்தபின், சிறுநீரகவியல், நோய்க்குறியியல் (சதையைச் சோதித்து நோயைச் சொல்லும் துறை), புற்றுநோய் அறுவை, மருந்து, கதிர்வீச்சு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம்தான் நல்லது. நமக்குப் பக்கத்தில் அது புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். சென்னை வரை போக முடிந்தவர்களுக்கு, 1954-இல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்.

அங்கே ஸ்கோப்பு போடுவார்கள். மரத்துப்போகும் ஜெல்லி தடவி, மெல்லிய கேமராக் குழாயை மூத்திரத் துவாரம் வழியே விட்டு, குழாய் முழுவதையும் பையின் நாலு சுவரையும் பார்ப்பது. வெளியே தெரிகிற கட்டி ஒன்றுதான் என்றாலும் உள்ளே பார்த்தே தீர வேண்டும். இந்த நோய் ஒரு இடத்தில் தலையும் இன்னொரு இடத்தில் வாலுமாகத் தாவித் தாவி வரக்கூடியது. உள்பூச்சில் சமமாகக் கரி பூசினாற்போல ஒரு நிறத் திட்டு தெரிந்தால் அது மெலனோசிஸ் என்ற சாதுவான நிலையாகவும் இருக்கலாம். அதையும் சதை எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"கத்தி வெச்சா பரவிடும்" என்று தெருவில் ஒருவராவது சொல்வார்கள். அக்காவுக்கு அவருடைய நாத்தனாரே சொன்னார். பயாப்சி, அதாவது சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. பயாப்சி எடுக்காமல் கடத்தும் மாதங்களில்தான் பரவுகிறது.

மூன்றாம் படி: அந்தச் சதை எங்கே போகிறது

இது என் தொழில். இங்கே கொஞ்சம் நிற்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சதை எடுத்த நிமிஷமே அது ஃபார்மலினில் விழ வேண்டும். பத்து சதவீத ஃபார்மலின், சதையின் அளவைப்போலப் பத்து மடங்காவது. தண்ணீரோ சலைனோ கூடாது. சலைனில் மிதக்கும் சதையோடு எங்கள் கூடத்துக்கு வந்தவர்கள் உண்டு. மறுநாள் பார்த்தால் செல்கள் ஊறிப்போய் முகமே தெரியாது. சின்ன மருத்துவமனையில் எடுத்துவிட்டு, "நீங்களே லேப்ல குடுத்துடுங்க" என்று பாட்டிலை உங்கள் கையில் தந்தால், அகல வாய், இறுக்கமான மூடி, பாட்டிலின் உடம்பில் பேர், வயது, எந்த இடத்துச் சதை, தேதி - இவை இருக்கிறதா என்று பாருங்கள். மூடியில் மட்டும் பேர் எழுதினால் மூடி மாறும்போது ஆளே மாறிவிடும். கடலூர்ப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு கன்னியகோயில் தாண்டும்போது வேகத்தடையில் பாட்டில் சரிந்து, ஃபார்மலின் வாசனைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போன கதையும் உண்டு. இரண்டு பிளாஸ்டிக் பை போட்டுக்கொள்ளுங்கள்.

கூடத்தில் சதையை வெட்டி, இரவெல்லாம் ஆல்கஹாலிலும் சைலீனிலும் ஊறவிட்டு, உருகிய மெழுகில் பதித்து ஒரு சிறு கட்டியாக்குவோம். அதுதான் பிளாக். அதை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் பொருத்திச் சீவினால் மூன்று, நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனில் நாடா நாடாக வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுக்க வேண்டும். அக்காவின் இரண்டாவது பயாப்சி நான் வேலை பார்த்த கூடத்துக்குத்தான் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு, என்னிடம் தொழில் கற்ற பையன்தான் சீவினான். சாயம் ஏற்றுவதற்கு முன்பே, தண்ணீரில் மிதந்த நாடாவில் மிளகுத்தூள் தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்ததாகப் போனில் சொன்னான். எனக்கு அப்போதே வயிறு பிசைந்தது.

ஆனால் பழுப்பு என்றாலே மெலனின், அதாவது மெலனோசைட் செய்யும் நிறப்பொருள், ஆகிவிடாது. ரத்தம் கசிந்த இடத்தில் இரும்புச் சத்து தேங்கினாலும் அதே நிறம்தான். பெர்ல்ஸ் சாயத்தில் இரும்பு நீலமாகும். மேசன்-ஃபான்டானா சாயத்தில் மெலனின் கறுக்கும். நிறம் அடர்ந்து செல்லையே மறைத்துவிட்டால் பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஆக்சாலிக் அமிலம் போட்டு வெளுக்கவைத்துவிட்டுப் பார்ப்போம்.

நிறமே இல்லாதது வந்தால்தான் பெரிய தலைவலி. நுண்ணோக்கியில் அது சாதாரண மூத்திரப்பைப் புற்றுநோய் போலவும் தெரியும், லிம்போமா என்ற நெறிப் புற்றுநோய் போலவும் தெரியும், சார்கோமா என்ற தசை, எலும்பு வகைப் புற்றுநோய் போலவும் தெரியும். அப்போது செல்லின் அடையாளப் புரதங்களைச் சாயத்தில் காட்டும், இம்யூனோ என்று நாங்கள் சொல்லும் சோதனை வேண்டும். எஸ்-100, சாக்ஸ்-10, எச்எம்பி-45, மெலான்-ஏ என்ற அடையாளங்கள் பிடிக்க வேண்டும். சாதாரணப் புற்றுநோயின் அடையாளமான சைட்டோகெரட்டினும் லிம்போமாவின் அடையாளமான சிடி-45-உம் பிடிக்கக் கூடாது. ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. எஸ்-100 பல கட்டிகளில் பிடிக்கும். எச்எம்பி-45 பீகோமா என்ற வேறொரு கட்டியிலும் பிடிக்கும். "பூர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா" (எந்தச் செல் என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிய புற்றுநோய்) என்று மட்டும் எழுதி, இம்யூனோ செய்யாத ரிப்போர்ட் உங்கள் கையில் இருந்தால், சிகிச்சை தொடங்கும் முன் இம்யூனோ செய்யச் சொல்லிக் கேளுங்கள். கார்சினோமாவுக்கும் மெலனோமாவுக்கும் மருந்து வேறு வேறு.

ரிப்போர்ட்டில் நோயின் பேர் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம், மேலே புண் பட்டிருக்கிறதா, செல் பிரிவு வேகம் எவ்வளவு, ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ செல்கள் புகுந்திருக்கின்றனவா, வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமா - இவை எழுதியிருக்க வேண்டும். ஓரப் பூச்சில் தொடக்க நிலை மெலனோமா செல்கள் இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். நோய் அங்கேயே பிறந்தது என்பதற்கு அது நல்ல சாட்சி.

அப்புறம் பிளாக். பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. அங்கே உள்ளவர்கள் தாங்களே பார்க்க ஸ்லைடும் பிளாக்கும் கேட்பார்கள். மரபணுச் சோதனைக்கும் அதே பிளாக்தான். கூடத்தில் எழுதிக் கொடுத்து வாங்கலாம். நோயாளியின் சதை அது, கேட்கத் தயங்காதீர்கள். வாங்கியதைக் கடலூர் வெயிலில் நிற்கும் காரிலோ வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள். மெழுகு இளகும்.

நான்காம் படி: இங்கேயே பிறந்ததா, வந்து ஒட்டியதா

மூத்திரப் பையில் தானாகப் பிறந்த மெலனோமா என்று சொல்வதற்கு 1976-இல் ஐன்ஸ்வொர்த் குழுவினர் வகுத்த விதிகளை இன்றும் பின்பற்றுகிறார்கள். தோலில் முன்பு மெலனோமா இருந்திருக்கக் கூடாது, தோலில் வந்து தானே மறைந்துபோன தடமும் இருக்கக் கூடாது, வேறு உள்ளுறுப்பில் மூலம் இருக்கக் கூடாது, பரவிய விதம் பையிலிருந்து கிளம்பியதாக ஒத்துப்போக வேண்டும், கட்டியின் ஓரத்தில் மாறுபட்ட மெலனோசைட்டுகள் தெரிய வேண்டும்.

நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்றால், தலைமுடிக்குள்ளிருந்து உள்ளங்கால் வரை துணி விலக்கிப் பார்க்கிற ஒரு பரிசோதனை. நம் தோல்காரர்களுக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும் வரும். கால் விரல் இடுக்கு, வாய்க்குள், பெண்ணுறுப்பு, ஆசனவாய் எல்லாம் பார்க்க வேண்டும். மறைந்துபோன தடத்தைக் கண்டுபிடிக்க உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கை இருட்டறையில் அடிப்பார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிந்ததும் உள்ளே பார்ப்பார்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஞாபகத்தைக் கிளறுவது. பத்து வருஷத்துக்கு முன் குதிகாலில் மரு என்று எரித்தார்களா? கறுத்த நகம் ஒன்றைப் பிடுங்கினார்களா? அதைச் சொல்லுங்கள். அக்கா யோசித்து யோசித்து, "சின்ன வயசுல மீன் முள்ளு குத்தி நகம் கறுத்துது" என்றார். டாக்டர் அதையும் விடாமல் எழுதிக்கொண்டார், நகத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

ஐந்தாம் படி: எவ்வளவு தூரம் போயிருக்கிறது

இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ. மெலனின் நிறைந்த கட்டி எம்ஆர்ஐயின் ஒரு வகைப் படத்தில் வெளிச்சமாகவும் இன்னொரு வகையில் இருட்டாகவும் தெரியும், அனுபவப்பட்ட கண்ணுக்கு அதுவே ஒரு துப்பு. நெஞ்சு, வயிறு, மற்ற இடங்களுக்குப் பெட்-சிடி (நோய் உள்ள இடம் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்) அல்லது சாதா சிடி ஸ்கேன். இந்த நோய் மூளைக்குப் போகக்கூடியது என்பதால் மூளைக்குத் தனியாக எம்ஆர்ஐ. ரத்தத்தில் எல்டிஎச் என்ற நொதியின் அளவு.

அரைக்கட்டில் நெறி தட்டுப்பட்டால் ஊசி குத்தி உறிஞ்சிப் பார்ப்பார்கள். குழாயின் வெளிப்பகுதி நோய் முதலில் அரைக்கட்டு நெறிகளுக்கும், உள்பகுதியும் பையும் இடுப்புக்குள் இருக்கும் நெறிகளுக்கும் போவது வழக்கம்.

இந்த இடத்து மெலனோமாவுக்கென்று தனியாக நிலைப் பட்டியல் கிடையாது. அதனால் பல டாக்டர்கள் எளிய கணக்கைச் சொல்வார்கள்: பிறந்த இடத்திலேயே இருப்பது ஒன்று, நெறிக்குப் போனது இரண்டு, தூரத்துக்குப் போனது மூன்று. ஒரு டாக்டர் தோல் மெலனோமா கணக்கில் இரண்டு என்றும் இன்னொருவர் இந்தக் கணக்கில் ஒன்று என்றும் சொல்லலாம். முரண்பாடு என்று சண்டைக்குப் போக வேண்டாம், எந்தக் கணக்கு என்று மட்டும் கேளுங்கள்.

ஆறாம் படி: அறுவை

நோய் இடத்திலேயே இருந்தால் முதல் ஆயுதம் கத்திதான். எவ்வளவு வெட்டுவது என்பதில்தான் விவாதம்.

பெண்ணின் மூத்திரக் குழாய் மொத்தமே சுமார் நாலு சென்டிமீட்டர். நோயைச் சுற்றி நல்ல சதையும் ஒரு வட்டம் சேர்த்து எடுக்க வேண்டும் என்றால் குழாயில் எவ்வளவு மிஞ்சும்? வெளிநுனியில் சின்னதாக இருந்தால் நுனிப் பகுதியை மட்டும் எடுத்து, மூத்திரத்தைப் பிடித்து வைக்கும் தசையைக் காப்பாற்ற முயல்வார்கள். உள்ளே ஏறியிருந்தால் குழாய் முழுவதையும் எடுத்து, பையின் வாயைத் தைத்து மூடி, குடல்வாலைக் குழாயாக்கி வயிற்று வழியே ஒரு வாசல் வைப்பதுண்டு. இன்னும் பெரிதென்றால் பையையும் எடுத்துவிட்டு, சிறுகுடலில் ஒரு துண்டு வழியாக வயிற்றில் பை ஒட்ட வேண்டிவரும். ஆணுக்கு நுனிப் பகுதி நோய் என்றால் ஆணுறுப்பின் ஒரு பகுதியையே எடுக்க நேரலாம். மூத்திரப் பைக்குள் இருக்கும் மெலனோமாவை ஸ்கோப்பு வழியே சுரண்டி எடுப்பது நோயைத் தெரிந்துகொள்ள உதவும், தீர்க்கப் போதாது.

பெரிய அறுவை செய்தவர்கள் எல்லோரும் அதிக நாள் இருந்தார்கள் என்று உறுதியாகக் காட்டிய ஆதாரம் இல்லை. இந்த நோய் வெட்டிய இடத்திலும் திரும்பும், எங்கோ தூரத்தில் நுரையீரலிலும் ஈரலிலும் தலைகாட்டும். அதனால் என் சொந்த அபிப்பிராயம்: ஒரே டாக்டர் ஒரே நாளில் பெரிய அறுவைக்குத் தேதி கொடுத்தால் கையெழுத்துப் போடும் முன், டியூமர் போர்டில் பேசியாயிற்றா என்று கேளுங்கள். அறுவை, மருந்து, கதிர்வீச்சு, நோய்க்குறியியல் டாக்டர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு நோயாளியைப் பற்றிப் பேசும் கூட்டம் அது. இப்படி அபூர்வமான நோய்க்குத்தான் அது ரொம்பத் தேவை.

நெறி விஷயத்தில், வெளியே தட்டுப்படாதவர்களுக்கு முதல் காவல் நெறியை (நோய் கிளம்பினால் முதலில் போய்ச் சேரும் நெறியை) மட்டும் கதிரியக்கத் துளியும் நீலச் சாயமும் கொண்டு தேடி எடுத்துப் பார்க்கலாம். அதில் சிறு துளி நோய் இருந்தாலும் உடனே மொத்த நெறிகளையும் வழித்தெடுப்பதால் ஆயுள் கூடவில்லை என்று தோல் மெலனோமாவில் 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மொத்தமாக எடுத்தால் கால் வீங்கும். நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து மீன் அரிகிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கதிர்வீச்சு அதே இடத்தில் திரும்ப வருவதைத் தள்ளிப்போட உதவும், ஆயுளைக் கூட்டும் என்று சொல்ல முடியாது. அறுவை செய்ய முடியாத கட்டியில் ரத்தம் நிற்காவிட்டால் சில நாள் கதிர்வீச்சே நிறுத்திவிடும்.

ஏழாம் படி: மருந்து

நோய் பரவியிருந்தாலோ பரவும் அபாயம் அதிகம் என்றாலோ, மருந்து தொடங்கும் முன்பே பிளாக்கில் கிட், பிராஃப், என்ராஸ் என்ற மரபணுக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் மெலனோமாவில் பிராஃப் மாற்றம் அதிகம். உள்பூச்சு வகையில் அது குறைவு, கிட் மாற்றம் சிலரிடம் இருக்கும். கிட் மாற்றம் இருந்தால் இமாட்டினிப் மாத்திரை சிலருக்குக் கேட்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கு நெடுநாளாக நம் நாட்டில் குறைந்த விலையில் கிடைக்கும் மாத்திரை அது. பிராஃப் மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் சேர்த்துத் தருவார்கள்.

இப்போது முன்வரிசையில் நிற்பது இம்யூனோதெரபி. உடம்பின் காவல் செல்களுக்குப் போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடும் ஊசிகள்: இபிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப். மெலனோமாவுக்கு அமெரிக்காவில் முதலாவது 2011-இலும் மற்ற இரண்டும் 2014-இலும் அனுமதி பெற்றன. அடிப்படைக் கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. ஆனால் பத்திரிகையில் படிக்கும் அற்புதக் கதைகள் பெரும்பாலும் தோல் மெலனோமாக் கதைகள். உள்பூச்சு வகையில் பலன் குறைவு. 2017-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நிவோலுமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 23 பேருக்கும், அதோடு இபிலிமுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் சுமார் 37 பேருக்கும் கட்டி சுருங்கியது. அதில் மூத்திர வழி நோயாளிகள் மிகச் சிலரே. சேர்த்துப் போட்டால் பக்கவிளைவும் கூடும்.

அந்தப் பக்கவிளைவு கீமோ மாதிரி வாந்தி, முடி கொட்டுதல் இல்லை. பிரேக் போன காவல் செல்கள் நம் உறுப்புகளையே கடிக்கும்: பெருங்குடல், ஈரல், நுரையீரல், தைராய்டு. ஊசி போட்டு இரண்டு மாதம் கழித்துப் பேதி வந்தால், நேற்றுச் சாப்பிட்ட குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஊசி போட்ட இடத்துக்குப் போன் செய்ய வேண்டும். பேதி, மூச்சு வாங்குதல், கண் மஞ்சள், தாங்க முடியாத அசதி - இந்த நாலையும் ஒரு அட்டையில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வேறு மருத்துவமனைக்கு அவசரமாகப் போனாலும், "இம்யூனோதெரபி போட்டிருக்கு" என்பதுதான் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய வார்த்தை.

விலை பயமுறுத்தும். தலை, கழுத்துப் புற்றுநோயில் நிவோலுமாபை மிகக் குறைந்த அளவில், 20 மில்லிகிராம், கொடுத்துப் பலன் கண்டதாக மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2022-இல் வெளியிட்டது. அது வேறு நோய். உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், அதையே பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஊசிக்கு வழியே இல்லாதவர்களுக்கு டகார்பசின், டெமோசோலோமைடு, கார்போபிளாட்டின்-பேக்லிடாக்செல் போன்ற பழைய கீமோ இருக்கிறது, சிலருக்குச் சில மாதம் பிடித்து நிறுத்தும். அறுவைக்குப் பின் உள்பூச்சு மெலனோமாவுக்கு டெமோசோலோமைடும் சிஸ்பிளாட்டினும் கொடுத்தது இன்டர்ஃபெரான் என்ற பழைய ஊசியை விட நன்றாக இருந்ததாகச் சீனாவிலிருந்து 2013-இல் ஒரு ஆய்வு வந்தது.

எட்டாம் படி: காகிதம், பணம், பயணம்

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை இப்போதே புதுப்பித்து வையுங்கள். புதுச்சேரி முகவரிக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத். எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு எந்த அட்டை செல்லும் என்பதைச் சேரும் முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். மாநில எல்லை நடுவில் ஓடுவதால் கடலூர்க்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நோயாளிக்கு ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்று வேண்டும்.

ஜிப்மர் போகும் நாளில் கடலூரிலிருந்து விடியற்காலைப் பேருந்து, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் இறங்கிக் கோரிமேட்டுக்கு இன்னொரு வண்டி. பையில் ஸ்லைடு, பிளாக், எல்லா ரிப்போர்ட், ஸ்கேன் பதிந்த தகடு, ஆதார், காப்பீட்டு அட்டை. ஒரு பழைய புடவைத் துண்டு. கூட்டத்தில் நின்று ரத்தக் கசிவு வந்தால் கை கொடுப்பது அதுதான்.

ஒன்பதாம் படி: அதற்கப்புறம்

பூசி மெழுகாமல் சொல்கிறேன், இது கெட்ட நோய். நன்றாக அறுவை நடந்த பலருக்கும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் திரும்புகிறது. அதனால் இரண்டு வருஷம் வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, அரைக்கட்டைத் தடவிப் பார்த்தல், ஸ்கோப்பு, இடையிடையே ஸ்கேன். அதற்குப் பிறகு இடைவெளி கூடும். வயிற்றில் பை ஒட்டியவர்கள் ஓட்டையின் அளவுக்கு மிகச் சரியாக வெட்டி ஒட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். மே மாதப் புழுக்கத்தில் வியர்வையில் பசை விடும், மூத்திரம் பட்டுத் தோல் வெந்துபோகும். எண்ணெய், பவுடர் தடவிய தோலில் ஒட்டாது.

வலி நிவாரண மருத்துவத்தைக் கடைசி நாளுக்கென்று ஒதுக்காதீர்கள். நோய் தெரிந்த நாளிலிருந்தே அந்தப் பிரிவில் பதிந்துகொள்ளலாம். மார்ஃபின் மாத்திரை எழுதினால் மலச்சிக்கலுக்கும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

அக்காவுக்கு நோய் குழாயோடு நின்றிருந்தது. குழாய் முழுவதையும் எடுத்தார்கள், அரைக்கட்டில் ஒரு நெறியை எடுத்துப் பார்த்ததில் நோய் இல்லை. இப்போது வயிற்று வாசல் வழியாகத் தினம் நாலைந்து முறை சின்னக் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்துக்கொள்கிறார். கூடை தூக்குவதில்லை, மருமகள் தூக்கிவர உட்கார்ந்து விற்கிறார். போன வாரம் சங்கரா வாங்கப் போனபோது, அடுத்த ஸ்கோப்புக்கு என்றைக்கு வரச்சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஆடியில தேதி குடுத்தாங்க. செடல் திருவிழா இருக்கு, அடுத்த வாரம் வைங்கன்னேன். அந்த டாக்டர் பொண்ணு முறைச்சுது. சரி, திருவிழாவ டிவியில பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மீனைச் செதில் சுரண்ட ஆரம்பித்தார்.